50 லட்சம் வோல்ட் என்று போட்டிருக்கும் ஸ்டன் கன் உண்மையில் எத்தனை வாட்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வீடு திரும்பும் தங்கைக்காக ஆன்லைனில் டார்ச் மாதிரி ஒரு ஸ்டன் கன் வாங்கியிருக்கிறீர்கள், பெட்டியில் 50 லட்சம் வோல்ட் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டே ஆளைக் கொல்லும்போது இது எப்படிக் கொல்லாமல் விடும், இதன் பவர்தான் எத்தனை வாட், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கலாமா? இதற்குள் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. அந்த எண் உண்மையா, கருவி உடம்புக்குள் எவ்வளவு ஆற்றலைத் தள்ளுகிறது, அந்த ஆற்றல் உடம்பை என்ன செய்கிறது. முதல் இரண்டுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். மூன்றாவதில் பாதி தூரம்தான் வருவேன், நான் மருத்துவன் இல்லை. பதினெட்டு வருடமாகச் சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் சோலார் வேலிக் கம்பிக்கு ஷாக் கொடுக்கிற எனர்ஜைசர் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். அதுவும் ஸ்டன் கன்னும் ஒரே குடும்பம், இரண்டுமே கெபாசிட்டர் என்கிற மின்சாரம் சேர்த்து வைக்கும் பாகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சட்டென்று கொட்டுகிற கருவிகள்.

முதலில் அந்த 50 லட்சம். அது பொய், இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. சாதாரணக் காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் உடைந்து பொறி பாய்ந்துவிடும். 50 லட்சம் வோல்ட் உண்மையாகவே இருந்தால் பொறி ஒன்றரை மீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு ஆள் உயரத்துக்குப் பாய வேண்டும். உங்கள் டார்ச்சின் முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், அநேகமாக இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பொறி அந்த இடைவெளியில் பாய்ந்த அந்தக் கணமே வோல்டேஜ் மேலே ஏறுவது நின்றுபோகும், அதனால் எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் அந்த இடைவெளியால் தாங்க முடியாத வோல்டேஜ் அங்கே உருவாகவே முடியாது. கூரான முனைகள் என்றால் காற்று இன்னும் சீக்கிரம் உடையும், மொட்டையான முனைகள் என்றால் கொஞ்சம் தாமதமாக உடையும். ஆக மூன்று சென்டிமீட்டர் இடைவெளிக்கு 30,000-இல் இருந்து மிஞ்சிப்போனால் 90,000 வோல்ட், அவ்வளவுதான். பெட்டியில் எத்தனை பூஜ்யம் போட்டாலும் காற்று அதைப் படிக்காது.

அந்த 30,000 மட்டும் சின்ன எண்ணா என்று கேட்பீர்கள். அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டரை அழுத்தும்போது வரும் 'டிக்' பொறி பத்தாயிரம் வோல்ட் அளவில் இருக்கிறது. பனிக்காலத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுரீர் என்கிறதே, அதுவும் பல ஆயிரம் வோல்ட். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அந்த வோல்டேஜுக்குப் பின்னால் சரக்கு இல்லை. மனித உடம்பு ஒரு கெபாசிட்டர் மாதிரி சேர்த்து வைக்கிற மின்னூட்டம் அற்பம், பத்தாயிரம் வோல்ட்டுக்கு ஏறினாலும் அதில் இருக்கும் ஆற்றல் ஒரு ஜூலில் (ஆற்றலை அளக்கும் அலகு) இருநூறில் ஒரு பங்குதான். ஸ்டன் கன்னுக்கு இவ்வளவு வோல்டேஜ் எதற்கு என்றால் சட்டைத் துணியையும் காற்றையும் காய்ந்த மேல்தோலையும் தாண்டி உள்ளே போவதற்கு. தாண்டிய பிறகு அந்த வோல்டேஜ் அங்கே இருப்பதும் இல்லை.

இது பலருக்கும் புரியாத இடம், அதனால் என் பட்டறையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். வேலி எனர்ஜைசரைத் தூக்கிக்கொண்டு ஒரு விவசாயி வருவார், "மெஷினு எட்டாயிரம் வோல்ட்டு காட்டுதுங்க, ஆனா மாடு மதிக்கவே மாட்டேங்குது" என்பார். மெஷினைத் தனியாக மேசையில் வைத்துப் பார்த்தால் எட்டாயிரம் காட்டத்தான் செய்யும். அதே மெஷினின் வெளியீட்டில் 500 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைக் குறுக்கே போட்டதும் எண் ஆயிரத்தி ஐநூறுக்குச் சரியும். தோட்டத்தில் அந்த ரெசிஸ்டரின் வேலையைக் கம்பியில் படர்ந்த செடிகொடிகள் செய்துகொண்டிருக்கும், போதாததற்கு எர்த் அடித்த இடம் கோடையில் காய்ந்து கிடக்கும். எதையும் தொடாமல் இருக்கும்போது காட்டும் வோல்டேஜ் வேறு, ஒரு உடம்பு குறுக்கே வந்த பிறகு நிற்கிற வோல்டேஜ் வேறு. விளம்பரத்தில் போடுவது எப்போதும் முதலாவது, உடம்பு உணர்வது இரண்டாவது.

சரி, வாட் கணக்குக்கு வருவோம். இந்தக் கருவிகள் தொடர்ச்சியாக மின்சாரம் தருவதில்லை, துடிப்பு துடிப்பாகத் தருகின்றன. அதனால் இரண்டு எண் தெரிந்தால் போதும்: ஒரு துடிப்பில் எத்தனை ஜூல், ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் சராசரி வாட். உலகத்திலேயே அதிகம் அளக்கப்பட்ட ஸ்டன் கருவி அமெரிக்காவின் டேசர் கம்பெனி செய்த எக்ஸ்26, கம்பி கட்டிய இரண்டு சின்ன அம்புகளைச் சுட்டு அதன் வழியாகக் கரண்ட் பாய்ச்சுகிற துப்பாக்கி, அங்கே போலீஸார் இடுப்பில் பல வருடம் இருந்தது, அதை வைத்தே கணக்குப் போடலாம். அதன் மேல் 50,000 வோல்ட் என்று போட்டிருக்கும், அது காற்றில் பொறி பாயும்போது. அம்புகள் உடம்பில் தைத்த பிறகு உச்ச வோல்டேஜ் சுமார் 1,200, துடிப்பின் முக்கியப் பகுதியில் சராசரி 400 வோல்ட் அளவுதான். உள்ளே இருக்கும் முக்கியக் கெபாசிட்டரில் ஒவ்வொரு துடிப்புக்கும் 0.36 ஜூல் ஏறுகிறது, நொடிக்கு 19 துடிப்பு, பெருக்கினால் ஏறக்குறைய 7 வாட். அந்த 7 வாட்டும் உடம்புக்குப் போவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலும் பொறியிலும் பெரும்பகுதி வீணாகி உடம்புக்கு வந்து சேர்வது துடிப்புக்குச் சுமார் 0.07 ஜூல், அதாவது 1.3 வாட். ஒருமுறை விசையை அழுத்தினால் ஐந்து நொடி ஓடும், அந்த ஐந்து நொடியும் சேர்த்து ஆறரை ஜூல் சொச்சம். இந்த ஆற்றலை ஒரு டீஸ்பூன் தண்ணீரில் போட்டால் அது அரை டிகிரி கூடச் சூடாகாது. ஆனால் அதே துடிப்பின் உச்சியில், மிகச் சிறிய நேரத்துக்கு, மூன்று ஆம்பியர் வரை பாய்கிறது. 1,200 வோல்ட்டை மூன்று ஆம்பியரால் பெருக்கினால் 3,600 வாட், ஒரு வாட்டர் ஹீட்டரை விட அதிகம். இரண்டு எண்ணும் உண்மை. விற்பவர் பெரியதைச் சொல்லி மிரட்டுவார், அதே கருவிக்கு வக்காலத்து வாங்குபவர் சின்னதைச் சொல்லி "வெறும் ஒரு வாட்தானே" என்பார், ஒரு துடிப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கிறது என்பதை இரண்டு பேரும் சேர்த்துச் சொல்வதில்லை.

உங்கள் டார்ச் அந்த அளவுக்குக் கூட வராது. சில வருடம் முன்பு ஒரு நண்பர் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், பிரித்துப் பார்த்தேன். கறுப்புப் பிசினுக்குள் புதைத்த ஒரு கட்டி, அதற்குப் பின்னால் பழைய கார்ட்லெஸ் போனில் வருவது மாதிரி 3.6 வோல்ட் பேட்டரி, ஒரு கெபாசிட்டர், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து 1.2 ஆம்பியர் அளவு போனது, அதாவது நாலே கால் வாட் உள்ளே. உள்ளே போவதை விட அதிகமாக எந்தக் கருவியும் வெளியே தராது, ஆகவே வோல்டேஜ் எதுவாக இருந்தாலும் நாலே கால் வாட்தான் அதன் கூரை. கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட், சுமார் 1,500 வோல்ட் வரை ஏறியது, வோல்டேஜின் வர்க்கத்தைக் கெபாசிட்டர் அளவால் பெருக்கிப் பாதியாக்கினால் 0.11 ஜூல். நொடிக்குப் பதினைந்து முறை வெடித்தது, அது 1.7 வாட். உடம்புக்குப் போவது அதிலும் பாதிக்குக் கீழே, ஒரு வாட்டுக்குள் என்பது என் கணிப்பு. இது நான் பார்த்த அந்த ஒன்றுக்கு மட்டும், உங்களுடையது கொஞ்சம் கூடலாம் குறையலாம், ஆனால் பேட்டரியின் அளவைப் பார்த்தால் யானைக்கும் பூனைக்குமான வித்தியாசம் இருக்க வழியில்லை.

இப்போது 230 வோல்ட் ஏன் கொல்கிறது என்ற பகுதி. ஈரக் கையோடு ஒருவர் லைனைத் தொட்டால் உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 230 மில்லி ஆம்பியர் பாயும், 53 வாட். அதைவிட முக்கியம், அது நிற்காது. பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கையின் தசை இறுகிக் கம்பியை விட முடியாமல் போகலாம், இழுத்து எடுக்கும் வரை பாய்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் மாட்டச் சொல்கிற ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிப்பது இதனால்தான். இன்னொரு காரணம் நரம்புக்கும் இதயத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நரம்பைத் தூண்ட எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பது அது எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதையும் பொறுத்தது. பிரான்சில் வைஸ், லாபிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900-ஐ ஒட்டிய வருடங்களில் இதை அளந்து விதியாகவே எழுதிவிட்டார்கள். தசையை இயக்கும் நரம்பு மிகச் சிறிய துடிப்புக்கே, ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே, பதில் சொல்லிவிடும். இதயத் தசை மந்தமானது, அதைத் தூண்ட மில்லி நொடிக் கணக்கில் நேரம் வேண்டும், நேரத்தைக் குறைத்தால் கரண்டைப் பல மடங்கு கூட்ட வேண்டும். ஸ்டன் கருவியின் துடிப்பு நரம்பின் நேரத்துக்குப் பொருந்தியது. வீட்டுக் கரண்டில் ஒவ்வொரு அரைச் சுற்றும் பத்து மில்லி நொடி, இதயத்துக்கு அது தாராளமான நேரம், அதுவும் நொடிக்கு ஐம்பது சுற்று ஓயாமல் வரும்போது இதயம் ஓய்வுக்குத் திரும்புகிற அந்த ஆபத்தான கணத்தில் ஏதாவது ஒன்று போய் விழுந்தே தீரும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை, எங்கள் காட்டோரத்தில் கண்ணெதிரே பார்க்கிற விஷயம். முறையான எனர்ஜைசர் வேலியில் எட்டாயிரம் வோல்ட் ஓடும், நொடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் போகக் கூடாது, 500 ஓமில் ஒரு துடிப்புக்கு 5 ஜூலைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. துடிப்புக்கு நடுவே கிடைக்கும் அந்த ஒரு நொடியில் தொட்ட ஆளோ யானையோ விலகிவிட முடியும், யானை தும்பிக்கையால் தொட்டுவிட்டுப் பின்வாங்கிப் போகும். அதே கம்பியில் யாராவது நேரடியாக லைனிலிருந்து கொக்கி போட்டுக் கொடுத்தால் வோல்டேஜ் முப்பதில் ஒரு பங்குதான், யானை அங்கேயே விழுந்து சாகிறது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் ஒரே இடத்தில் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. வோல்டேஜ் குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்று நினைத்துக் கொக்கி போடுகிறவர்களை நான் நேரில் பார்த்து எச்சரித்திருக்கிறேன், இங்கே யாராவது அப்படி இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே அதைக் கழற்றுங்கள்.

அடுத்தது உங்கள் தங்கைக்கு உண்மையிலேயே முக்கியமான பகுதி. டேசர் ஆளை நிற்க முடியாமல் விழ வைப்பதற்கு அதன் வாட் மட்டும் காரணம் இல்லை, இரண்டு அம்புகளும் உடம்பில் ஒன்றுக்கொன்று ஒரு அடி தள்ளித் தைப்பது பெரிய காரணம். நடுவே இருக்கும் தசைகளின் நரம்புகள் எல்லாம் அந்தப் பாதையில் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் டார்ச்சில் இரண்டு முனைக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர்தான், கரண்ட் தோலுக்குக் கொஞ்சம் கீழே போய் அப்படியே திரும்பிவிடும். தொட்ட இடத்தில் சுள்ளென்று நல்ல வலி இருக்கும், தசை பூட்டிக்கொள்ளாது. தடித்த ஜெர்கினோ ஸ்வெட்டரோ போட்டவனிடம் அந்த வலியும் குறையும், போதையில் இருப்பவன் வலியைப் பொருட்படுத்தாமல் அந்தக் கையையே பிடித்து முறுக்கலாம். விளம்பரத்தில் ஒருவன் தொட்டதும் மயங்கிச் சரிகிற மாதிரி காட்டுகிறார்கள் பாருங்கள், அதை நம்பி உங்கள் தங்கை ஒருவனை நெருங்கிப் போய்விடக் கூடாது, எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான். அந்த 'தடதட' சத்தமும் நீலப் பொறியும் தூரத்திலேயே சிலரை மிரட்டும், வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும், ஓடுவதற்கு இரண்டு நொடி கிடைக்கலாம். அதற்கு மேல் அந்தக் கருவியிடம் எதிர்பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொல்லுமா என்ற கேள்விக்குத்தான் ஒரே வரியில் பதில் இல்லை. டேசர் விஷயத்தில் இரு தரப்பும் இன்னும் மல்லுக்கட்டுகிறது. எக்ஸ்26-இன் சராசரி கரண்ட் இரண்டு மில்லி ஆம்பியர்தான், ஆகவே பத்திரம் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. எனக்கு இந்த வாதம் ஒப்பவில்லை. மேலே சொன்ன பத்து, முப்பது மில்லி ஆம்பியர் எல்லாம் தொடர்ந்து பாய்கிற ஏசி கரண்டுக்கான அளவு, அதைத் துடிப்பின் சராசரியோடு ஒப்பிடுவது படிக்கணக்கையும் முழக்கணக்கையும் ஒப்பிடுகிற மாதிரி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பன்றிகளை வைத்துச் செய்த ஆய்வில், அம்பின் நுனி இதயத்துக்குச் சராசரியாக இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தபோது இதயம் தாளம் தப்பியது. அந்தத் தூரம் மெலிந்த மனிதர்களின் மார்பில் சாத்தியமே. 2009-இல் கம்பெனியே முடிந்தவரை மார்பில் குறிவைக்காதீர்கள் என்று பயிற்சிக் குறிப்பை மாற்றியது. 2012-இல் இதய மருத்துவர் டக்ளஸ் சைப்ஸ், மார்புப் பகுதியில் எக்ஸ்26 பாய்ந்து நினைவிழந்த எட்டுப் பேரைப் பற்றி எழுதினார், அதை ஒத்துக்கொள்ளாத நிபுணர்களும் உண்டு. 2007-இல் வான்கூவர் விமான நிலையத்தில் போலீஸ் டேசரைப் பலமுறை பாய்ச்சியதும் இறந்துபோன ராபர்ட் ஜெகான்ஸ்கி விஷயத்தில் தனி விசாரணைக் கமிஷனே அமைக்க வேண்டியிருந்தது. இதய நோய், பேஸ்மேக்கர், கர்ப்பம், போதை, நீண்ட நேரப் போராட்டம் எல்லாம் கலந்துவிட்டால் ஜூல் கணக்கை மட்டும் வைத்து யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதெல்லாம் மருத்துவர் பேச வேண்டியது. கையில் வைத்திருக்கும் டார்ச்சில் பாதை மூன்று சென்டிமீட்டர் என்பதால் கரண்ட் இதயம் வரை போவது கடினம், அதனால் ஆபத்து டேசரை விடக் குறைவு என்று தாராளமாகச் சொல்வேன். மற்றபடி தடுக்கி விழுந்து தலையில் அடிபடுவதும், பெட்ரோல் பங்கிலோ கேஸ் கசிந்த இடத்திலோ அந்தப் பொறி தீப்பற்ற வைப்பதும் எந்தச் சர்ச்சையும் இல்லாத நிஜமான ஆபத்துகள்.

கடைசியாக மல்டிமீட்டர். தயவுசெய்து வைக்காதீர்கள். என் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் ஒருவன் நான் சாப்பிடப் போயிருந்தபோது எனர்ஜைசரின் வெளியீட்டில் மீட்டர் ஊசிகளை நேரடியாக வைத்துவிட்டான். 'டப்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு அந்த மீட்டரில் எழுத்து வரவே இல்லை, நல்லவேளை ஊசியின் பிளாஸ்டிக் பகுதியைச் சரியாகப் பிடித்திருந்தான். சாதாரண மீட்டர் தாங்குவது ஆயிரம் வோல்ட், அதுவும் நிதானமான வோல்டேஜ், பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் வந்துபோகிற துடிப்பை அது பிடிக்கவே பிடிக்காது. முறையாக அளக்க, உடம்புக்குப் பதிலாக 500 ஓம் அளவில் கம்பி சுற்றாத ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டும் உயர்அழுத்த புரோபை, துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டி, ஒரு துடிப்பின் வடிவத்தைப் பிடித்து, வோல்டேஜையும் கரண்டையும் கணத்துக்குக் கணம் பெருக்கிக் கூட்ட வேண்டும். வீட்டில் அது நடக்காது. பிரித்துப் பார்க்கவும் வேண்டாம், ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சரக்கு மிச்சம் இருக்கும், பேட்டரி செத்திருந்தாலும் இருக்கும். சும்மா காற்றில் பொறி விட்டுப் பார்ப்பதையும் ஓரிரு நொடியோடு நிறுத்துங்கள், நீளமாக அழுத்தினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் உடைந்து கருவி வீணாகிவிடும், தேவைப்படுகிற நேரத்தில் வெறும் டார்ச்தான் மிஞ்சும். இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், பேட்டரி எத்தனை வோல்ட், சார்ஜர் மேல் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றை மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள், உங்களுடையதற்கான கணக்கைப் போட்டுத் தருகிறேன்.